விபத்துக்குப் பிறகு அந்த லைசென்ஸ் எங்கே இருக்கிறது? போக்குவரத்துத் துறைக்கும் காவல் துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கும், காவல் துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

என் தம்பியின் மேல் மோதிய டிப்பர் லாரி ஓட்டுநருடைய உரிமம் தொடர்பாக என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டிருந்தேன். ஒரே வரியில் பதில் வந்தது: காவல் துறையிடமிருந்து பரிந்துரை எதுவும் பெறப்படவில்லை. அவருடைய உரிமம் இதற்கு முன் எப்போதாவது தற்காலிகமாக ரத்து செய்யப்பட்டதா என்ற இரண்டாவது கேள்விக்கு, அது மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், தர இயலாது என்றார்கள். இந்தப் பதிலைக் கோப்பில் செருகி வைத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால் உங்கள் இருவருக்கும் சேர்த்து, எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தம்பி காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான். புறவழிச்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் தன் பக்கத்தில்தான் போனான். லாரி எதிர்த்திசையில் வந்தது. முறைப்படி வருவதென்றால் அடுத்த பாலத்தின் கீழே போய்த் திரும்பி வர வேண்டும். அந்தச் சுற்றை மிச்சம் பிடிக்க அந்த இடத்தில் லாரிகள் தவறான பக்கத்தில் வருவது வழக்கமாகவே இருந்தது. அன்று இரவு மருத்துவமனையில் தம்பி இறந்துபோனான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (கண்மூடித்தனமாக ஓட்டுதல்), 106(1) (அலட்சியத்தால் உயிரிழப்பு) பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. ஓட்டுநர் அன்றே ஸ்டேஷனில் ஆஜரானார். ஜாமீனில் விடக்கூடிய பிரிவு என்பதால் வெளியே வந்தார். அதில் எனக்குப் புகார் இல்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து லாரியைப் பார்த்தார். பிரேக் சரியாக இருக்கிறது, ஸ்டியரிங் சரியாக இருக்கிறது, விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல என்று அறிக்கை கொடுத்தார். லாரி உரிமையாளரிடம் திரும்பப் போனது. சில வாரங்கள் கழித்து ஒரு சிக்னலில் அதே லாரி என் பேருந்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முன்பக்க பம்பரின் இடது மூலையைத் தட்டி நிமிர்த்தி மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பழைய மஞ்சளும் புது மஞ்சளும் ஒட்டவில்லை. நம்பரைப் பார்த்துவிட்டு மேலே பார்த்தேன். ஸ்டேஷன் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அதே மனிதர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் சட்டத்தை மீறி ஓட்டவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வண்டியை எடுக்கக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். "லைசென்ஸ் காப்பி கேஸ் கட்டுல இருக்கும்மா. ஒரிஜினல் அவர்கிட்டதான் இருக்கும். கேன்சல் பண்றதெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை" என்றார். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனேன். "ஸ்டேஷன்ல இருந்து லெட்டர் வரணும்மா. நாங்களா எதுவும் பண்ண முடியாது" என்றார் பிரிவு எழுத்தர். திரும்ப ஸ்டேஷன். "கோர்ட்ல தண்டனை ஆகட்டும்மா, அப்புறம் தானா ஆயிடும்" என்று இன்னொருவர் சொன்னார். மூவரில் யாரும் என்னை அவமதிக்கவில்லை. ஆனால் மூன்று பதிலும் சட்டத்தில் இருப்பதற்கு எதிரானவை. அதைத்தான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 19ஆவது பிரிவு உரிமம் வழங்கும் அதிகாரிக்கே நேரடியாக அதிகாரம் தருகிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய ஒரு குற்றத்தில் வாகனம் பயன்படுத்தப்பட்டிருந்தால், அல்லது அந்த நபரின் வாகன ஓட்டம் பொதுமக்களுக்கு ஆபத்து என்று அவருடைய முந்தைய நடத்தை காட்டினால், அவரை விசாரித்துவிட்டு, காரணத்தை எழுதி, குறிப்பிட்ட காலத்துக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை. காவல் துறையின் கடிதம் வந்தால்தான் செய்ய முடியும் என்றும் இல்லை.

காவல் துறைக்கும் கடமை இருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 206(4) பிரிவைப் பாருங்கள். அதிவேகம், ஆபத்தான வகையில் ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், ரேஸ் ஓட்டுதல் போன்ற குற்றங்களைச் செய்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், உரிமத்தைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது அது. அனுப்பலாம் என்று சொல்லவில்லை, அனுப்ப வேண்டும் என்கிறது. அப்படி வந்த உரிமத்தின் மேல், விசாரணைக்குப் பிறகு, முதல் தடவைக்கு மூன்று மாதத் தகுதி நீக்கம், அடுத்த தடவைக்கு உரிமமே ரத்து என்று 19(1ஏ) சொல்கிறது. சாலையில் போக்குவரத்து செல்ல வேண்டிய திசைக்கு எதிராக ஓட்டுவது ஆபத்தான ஓட்டம் என்று 184ஆவது பிரிவின் விளக்கத்தில் வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறார்கள். என் தம்பியின் வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான வரி சட்டத்தில் வேறு இல்லை.

ஆனால் அந்த 184 முதல் தகவல் அறிக்கையிலேயே இல்லை. 281, 106(1) என்று எழுதியதோடு சரி. நான் பேசிய வழக்கறிஞரும், தீர்ப்பாயத்தில் என்னைப் போலவே இழப்பீட்டு வழக்குக்காக வந்து உட்கார்ந்திருந்த மற்றவர்களும் தங்கள் அறிக்கைகளைக் காட்டினார்கள். அவற்றிலும் பெரும்பாலும் இப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு சேர்க்கப்படாததால் 206(4) தொடங்கவே இல்லை. உரிமம் கைப்பற்றப்படவில்லை. கடிதம் போகவில்லை. "பரிந்துரை பெறப்படவில்லை" என்ற அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

இதன் பின்விளைவு இன்னும் மோசமானது. 21ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 184இல் ஏற்கெனவே தண்டனை பெற்ற ஒருவர் மறுபடி ஆபத்தாக ஓட்டி உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ ஏற்படுத்தியதாக வழக்குப் பதிவானால், பதிவான நாளிலிருந்தே ஆறு மாதத்துக்கு அவருடைய உரிமம் தானாகவே நிறுத்தப்பட்டுவிடும். இடையில் விடுதலையானால் அதோடு முடியும். யாரும் தனியாக உத்தரவு போட வேண்டியதில்லை. சட்டத்தை எழுதியவர்கள் திரும்பத் திரும்ப ஆபத்தாக ஓட்டுபவர்களை மனதில் வைத்து எழுதிய பிரிவு இது. முதல் வழக்கில் 184ஐச் சேர்க்காமல் விட்டால், இரண்டாவது வழக்கில் 21 வேலை செய்யாது. முதல் தகவல் அறிக்கை எழுதும்போது விடுபடும் ஒரு எண்ணால், பின்னால் வரப்போகும் இன்னொரு குடும்பத்துக்கான பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடுகிறது.

ஆணையர் அவர்களே, உங்கள் அலுவலகங்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. லாரியைப் பார்த்து அறிக்கை கொடுத்த மோட்டார் வாகன ஆய்வாளர் உங்கள் துறைக்காரர். எனக்குப் பதில் எழுதிய அலுவலகத்தைச் சேர்ந்தவர். வண்டி எண், ஓட்டுநர் பெயர், விபத்தில் ஓர் உயிர் போனது, இயந்திரக் கோளாறு இல்லை, இவ்வளவும் தெரிந்துதான் அவர் கையெழுத்துப் போட்டார். கோளாறு வண்டியில் இல்லையென்றால் அடுத்து பார்க்க வேண்டியது ஓட்டியவரைத்தானே? அவருடைய உரிமம் பற்றிய கோப்பு அதே கட்டடத்தில் இன்னொரு மேசையில் தொடங்கப்பட்டிருக்க வேண்டாமா? தகவலே வரவில்லை என்று அந்த அலுவலகம் சொல்வதை எப்படி ஏற்பது?

தாளில் போகவில்லை என்றால் கணினியிலாவது போயிருக்கிறது. விபத்து விவரங்களைப் பதியும் ஐராட் செயலியைச் சென்னை ஐ.ஐ.டி.தான் உருவாக்கியது. முதலில் சோதித்துப் பார்த்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதில் காவல் துறை தன் பகுதியையும், போக்குவரத்துத் துறை தன் பகுதியையும் நிரப்புகின்றன. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், 90 நாளில் விரிவான அறிக்கை. இழப்பீட்டுக்காக இரண்டு துறையும் ஒரே திரையில் தகவலைப் பகிர முடிகிறது. அடுத்த உயிரைக் காப்பதற்கு மட்டும் தபாலில் கடிதம் வர வேண்டும் என்று காத்திருக்கிறோம்.

இதெல்லாம் புதிதாக நான் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. இந்தக் கோரிக்கையின் வேர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சாலையில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில்தான் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது செல்போன் பேசுதல், அதிக பாரம் ஏற்றுதல், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல் ஆகிய ஆறுக்கும் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்தி வையுங்கள் என்று அந்தக் குழு 2015 ஆகஸ்டில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அப்போது அதைக் கொஞ்சம் முனைப்பாகவே செய்தார்கள், செய்தித்தாள்களில் அடிக்கடி வந்தது நினைவிருக்கிறது.

2016இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,218 பேர் இறந்தார்கள். 2018இல் அது 12,216 ஆனது, 2019இல் 10,525. மூன்றே ஆண்டில் இவ்வளவு இறக்கம். 108 ஆம்புலன்ஸ், விபத்துச் சிகிச்சைப் பிரிவுகள், ஆபத்தான இடங்களைச் சரிசெய்தது, எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. உரிம நடவடிக்கை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாலையில் இறப்பது விதி அல்ல, நினைத்தால் குறைக்க முடியும் என்பதை உங்கள் துறைகளே நிரூபித்தன. 2022இல் 17,884 பேர். புறப்பட்ட இடத்தையும் தாண்டிவிட்டோம். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையது, 64,105 விபத்துகள். உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து நாம். அந்த ஆண்டு நாடு முழுவதும் நடந்த சாலை மரணங்களில் பத்தில் ஏழு அதிவேகத்தால் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையே சொல்கிறது. அதே 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதத் தொகைகளை ஏற்றினீர்கள். குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய். சரிதான், ஏற்ற வேண்டியதுதான். ஆனால் பணம் இருப்பவர் அபராதத்தைக் கட்டிவிட்டு அதே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். சாலையிலிருந்து ஓர் ஆபத்தை விலக்கி வைப்பது உரிம நடவடிக்கை மட்டும்தான்.

அந்த நடவடிக்கை யார் மேல் பாய்கிறது என்பதையும் பேச வேண்டும். ஹெல்மெட் போடாமல் போனால் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதத் தகுதி நீக்கமும். ஹெல்மெட் போட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தன் தலையை மட்டும் ஆபத்தில் வைத்தவருக்கும், எதிர்த்திசையில் வந்து இன்னொருவர் உயிரை எடுத்தவருக்கும் 19(1ஏ)இன்படி முதல் தடவைக்கு ஒரே மூன்று மாதம்தான். பிரிட்டனில் ஆபத்தாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தியவருக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு ஓட்டத் தடை, அதன்பின் வழக்கத்தைவிட நீண்ட ஓட்டுநர் தேர்வில் மறுபடி தேறினால்தான் உரிமம். நாம் அந்த மூன்று மாதத்தையும் போடுவதில்லை.

போடும்போதும் அவசரத்தில் போடுகிறார்கள். அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் விபத்துக்குப் பிறகு உரிமம் நிறுத்தப்பட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் நிறைய. டிப்போவில் இருக்கிற ஆள், முகவரி தெரியும், நோட்டீஸ் கொடுப்பது சுலபம். விளக்கம் கேட்காமலும், காரணம் எழுதாமலும் போட்ட உத்தரவுகளை நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது, செய்யத்தான் வேண்டும். என் தம்பியை இழந்த ஆத்திரத்தில்கூட, ஒருவருடைய தரப்பைக் கேட்காமல் அவருடைய உரிமத்தைப் பிடுங்குங்கள் என்று நான் கேட்க மாட்டேன். விபத்து நடந்தால் பெரிய வண்டிக்காரர் மேல்தான் தப்பு என்று எழுதிவிடும் பழக்கம் இருப்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் விசாரணை வேண்டும் என்கிறேன். நோட்டீஸ் கொடுங்கள், வரச் சொல்லுங்கள், சி.சி.டி.வி. பதிவைப் பாருங்கள், சாலையின் வரைபடத்தைப் பாருங்கள், அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். பிறகு ஓர் உத்தரவு போடுங்கள். தப்பில்லை என்றால் தப்பில்லை என்றே போடுங்கள், எனக்கும் ஒரு நகல் கொடுங்கள். உத்தரவு பிடிக்காதவர் 30 நாளில் மேல்முறையீடு செய்யவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. எங்கள் வழக்கில் எந்த உத்தரவும் இல்லை. அதுதான் என் குறை.

"ஓட்டுறதுதான் அவங்க பொழப்பு, மூணு மாசம் நிறுத்தினா குடும்பம் என்ன பண்ணும்?" என்று என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி, ஒதுக்கித் தள்ளக்கூடியது அல்ல. அந்த ஓட்டுநருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். ஆனால் பிழைப்புக்காக ஓட்டுகிறவர்தான் ஒரு நாளில் அதிக நேரம், அதிக எடையோடு சாலையில் இருக்கிறார். அவர் பாதுகாப்பாக ஓட்டுகிறாரா என்று பார்ப்பது மற்றவர்களைவிட அவர் விஷயத்தில்தான் அவசரம். அதோடு, 19ஆவது பிரிவு எல்லா வகை வாகனங்களுக்கும் சேர்த்துத் தடை போடச் சொல்லவில்லை, எல்லா வகைக்குமோ ஏதாவது ஒரு வகைக்குமோ என்றுதான் சொல்கிறது. கனரக வாகனத்தில் தப்புச் செய்தவருக்குக் கனரக உரிமத்தை மட்டும் நிறுத்தலாம். அவர் வேறு சின்ன வண்டி ஓட்டிச் சம்பாதிக்க இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். டிப்பர் ஓட்டுகிறவர்களுக்குப் பல இடங்களில் ட்ரிப் கணக்கில்தான் கூலி. ஒரு நாளில் எத்தனை லோடு அடித்தார் என்பதுதான் சம்பளம். பாலத்தைச் சுற்றிப் போகாமல் எதிர்த்திசையில் வருவதன் லாபம் ஓட்டுநரைவிட உரிமையாளருக்குத்தான் அதிகம். ஓட்டுநர் மேல் நடவடிக்கை எடுக்கும்போது உரிமையாளர் வெளியே நின்று வேடிக்கை பார்க்கும்படி விடக் கூடாது. தகுதி நீக்கப்பட்டவரிடம் வண்டியைக் கொடுத்தால் உரிமையாளருக்கும் 180ஆவது பிரிவில் தண்டனை உண்டு, காப்பீட்டு நிறுவனமும் கட்டிய இழப்பீட்டை அவரிடமிருந்து வசூலிக்க வழி உண்டு. அதற்கு முதலில் தன் ஓட்டுநருக்குத் தடை இருக்கிறது என்று அவருக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய்ப்பே இருக்கக் கூடாது.

தடை போட்டால் மட்டும் போதாது, அது சாலையில் தெரிய வேண்டும். இப்போது லைசென்ஸ் செல்போனில் இருக்கிறது. டிஜிலாக்கரில் காட்டினால் செல்லும், அதுதான் விதி. அப்படியிருக்க, பிளாஸ்டிக் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதால் மட்டும் யாரும் ஓட்டாமல் இருக்கப் போவதில்லை. நான் கவனித்த வரையில் சோதனைச் சாவடிகளில் அட்டையைக் கையில் வாங்கிப் போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த எண் இன்றைக்குச் செல்லுமா என்று, உரிமப் பதிவுகள் இருக்கும் அரசின் சாரதி இணையதளத்தில் பார்ப்பவர்கள் குறைவு. தகுதி நீக்க விவரங்களை இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2020 அக்டோபரிலிருந்தே விதி இருக்கிறது. தடை இருக்கும்போது ஓட்டினால் 182ஆவது பிரிவில் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பிடிப்பதற்கு யாரும் பார்ப்பதில்லை என்றால் அந்தப் பிரிவு யாரையும் தடுக்காது.

அப்புறம், பயிற்சி. நிறுத்தி வைத்த உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும் என்று 19(2ஏ) சொல்கிறது. மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டு அதே பழக்கத்தோடு அதே ஸ்டியரிங்கைப் பிடிப்பதால் யாருக்கும் பயனில்லை என்பதால்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்தப் பிரிவுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. எதிர்த்திசையில் வரும்போது எதிரில் வருபவருக்கு எதிர்வினை காட்ட எவ்வளவு நொடி கிடைக்கும், லோடு ஏற்றிய லாரி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போனால் அது தண்டனையைவிடப் பெரிய பலன். ஆனால் அது நிஜப் பயிற்சியாக இருக்க வேண்டும். சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டு வரும் சடங்காகிவிடக் கூடாது.

அந்த ஓட்டுநரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து லாரி ஓட்டுநர்கள் போராடினார்கள், மோதிவிட்டு ஓடினால் பத்தாண்டுவரை சிறை என்ற அந்தப் பிரிவு இன்றும் நடைமுறைக்கு வரவில்லை. அந்த விவாதம் அதன்போக்கில் நடக்கட்டும். கிரிமினல் வழக்கு முடிய எத்தனை வருடம் ஆகுமோ, அது நீதிமன்றத்தின் பொறுப்பு. உரிமம் அப்படி அல்ல. அது அரசு ஒருவருக்குக் கொடுத்த அனுமதி. ஓர் உயிர் போன பிறகு அந்த அனுமதியைத் தொடரலாமா என்று உட்கார்ந்து யோசிக்க நீதிமன்றம் தேவையில்லை, உங்கள் அலுவலகம் போதும். எங்கள் வழக்கில் யாரும் யோசிக்கவே இல்லை என்பதைத்தான் அந்த ஒரு வரிப் பதில் சொல்கிறது.

என் கோரிக்கைகள் இவை.

காவல் துறைத் தலைமை இயக்குநர் அவர்களே, உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஒவ்வொரு சாலை விபத்திலும், புகாரில் உள்ள விவரங்கள் இடம் கொடுத்தால், முதல் தகவல் அறிக்கையில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183 (அதிவேகம்), 184 (ஆபத்தான ஓட்டம்), 185 (குடித்துவிட்டு ஓட்டுதல்) ஆகிய பிரிவுகளில் பொருந்துவதைச் சேர்க்க வேண்டும் என்று எல்லாக் காவல் நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். சேர்க்கவில்லை என்றால் ஏன் சேர்க்கவில்லை என்று விசாரணை அதிகாரி வழக்கு நாட்குறிப்பில் எழுதட்டும். 206(4)இன்படி உரிமத்தைக் கைப்பற்றி அனுப்புவதற்கு நாள் கணக்கில் ஒரு கெடு வையுங்கள். அனுப்பிய கடிதத்தின் நகலைப் புகார்தாரருக்குக் கொடுங்கள், "லெட்டர் வரவில்லை" என்று யாரும் இனிமேல் சொல்ல முடியாதபடி. வாகனச் சோதனையில் உரிம எண்ணைச் சாரதி தளத்தில் பார்த்த பிறகே வண்டியை விட வேண்டும் என்பதை நடைமுறையாக்குங்கள்.

போக்குவரத்து ஆணையர் அவர்களே, உயிரிழப்பு விபத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை கொடுக்கும் அன்றே 19ஆவது பிரிவின் கீழ் கோப்பு தொடங்க வேண்டும், காவல் துறைக் கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாது என்று எல்லா வட்டாரப் போக்குவரத்து அலுவலர்களுக்கும் எழுத்துப்பூர்வமாக உத்தரவிடுங்கள். நோட்டீஸ், விசாரணை, காரணத்தோடு உத்தரவு, இந்த மூன்றும் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிய வேண்டும். விசாரணையில் பாதிக்கப்பட்ட குடும்பமும் தன்னிடம் உள்ள ஆதாரத்தைக் கொடுக்க அனுமதியுங்கள். உத்தரவின் நகல் குடும்பத்துக்கும் வண்டி உரிமையாளருக்கும் போகட்டும். ஊரறியப் பெயரைப் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிந்தால் போதும். புத்தாக்கப் பயிற்சி எங்கே நடக்கிறது, என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள், கடைசியில் தேர்வு உண்டா என்பதை மாவட்டவாரியாக வெளியிடுங்கள். கனரக ஓட்டுநர்களுக்கு அந்தப் பயிற்சியின் செலவை வண்டி உரிமையாளர் ஏற்கும்படி செய்ய முடியுமா என்று ஆராயுங்கள்.

உங்கள் இருவருக்கும் பொதுவாக ஒன்று. உயிரிழப்பு விபத்துகள் எத்தனை, அவற்றில் உரிமம் அனுப்பப்பட்டவை எத்தனை, விசாரணை முடிந்தவை எத்தனை, தகுதி நீக்கம் ஆனவை எத்தனை, விடுவிக்கப்பட்டவை எத்தனை என்று மாதாமாதம் மாவட்டவாரியாக வெளியிடுங்கள். எண்ணிக்கை மட்டும் போதும், யாருடைய தனிப்பட்ட தகவலும் அதில் வராது. மூன்று மாதம் என்பது உயிரிழப்பு வழக்குகளுக்குப் போதாது, அதை நீட்டிக்கவும் மறுதேர்வைக் கட்டாயமாக்கவும் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று மத்திய அரசுக்கு மாநில அரசு எழுதுவதற்குப் பரிந்துரை செய்யுங்கள்.

என் தம்பியின் வழக்கைப் பொறுத்தவரை கேட்பது ஒன்றுதான். முதல் தகவல் அறிக்கையின் நகல், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, எனக்கு வந்த தகவல் உரிமைப் பதில் மூன்றையும் உங்கள் இரண்டு அலுவலகங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அந்த ஓட்டுநருக்கு நோட்டீஸ் அனுப்பி விசாரியுங்கள். முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள்.